கரட்டில் கிடக்கும் நடுகற்களைத் திருடர்களிடமிருந்து காப்பது எப்படி?

கேள்வி: தருமபுரி மாவட்டத்தில் மலையடிவாரச் சிற்றூர் எங்களுடையது. ஊரிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு கரட்டில், மாண்ட வீரர் நினைவாக நட்ட நான்கு நடுகற்களும் பெரிய கல்வட்டங்களும் இடிந்த சிவன் கோயில் ஒன்றும் இருக்கின்றன. அரசுப் பலகை எதுவும் கிடையாது. ஆறு மாதத்தில் இரண்டு முறை, அமாவாசையை ஒட்டி, யாரோ குழி தோண்டியிருக்கிறார்கள். ஒரு நடுகல் சாய்ந்து கிடக்கிறது. ஊர் இளைஞர்கள் பணம் திரட்டி வேலி போடலாமா, கேமரா வைக்கலாமா, கற்களை ஊருக்குள்ளேயே கொண்டுவந்துவிடலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். எது சரி?

பதில்: மூன்றையும் இப்போதைக்கு ஒத்திவையுங்கள். திரட்டிய பணமும் அப்படியே இருக்கட்டும். நாளைக் காலையில் இரண்டு பேர் கைப்பேசியோடு கரட்டுக்குப் போய் ஒவ்வொரு கல்லையும் படம் எடுங்கள். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் கதை ஒன்றே போதும்.

ஸ்ரீபுரந்தான் பிரகதீசுவரர் கோயிலில் வழிபாடு நின்றுபோய்க் கதவு பூட்டிக் கிடந்தது. அங்கிருந்த ஐம்பொன் திருமேனிகளைப் பாதுகாப்பு மையத்துக்கு எடுத்துச்செல்ல 2008-இல் அதிகாரிகள் வந்து கதவைத் திறந்தபோதுதான் அவை களவு போனதே தெரிந்தது. அதே ஆண்டு ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் அங்கிருந்த நடராசரைச் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது. 2014 செப்டம்பரில் அவர் நாடு திரும்பினார். திரும்ப வழிசெய்தது ஒரு பழைய புகைப்படம். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் 1956 முதல் ஊர் ஊராகப் போய்க் கோயில்களைப் படம் எடுத்து வைத்திருந்தார்கள். அந்தப் படத்தையும் கலைக்கூடத்துப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது இரண்டும் ஒரே திருமேனி என்பது தெரிந்துவிட்டது. அதே நாளில் திரும்பி வந்த விருத்தாசலம் விருத்தகிரீசுவரர் கோயில் அர்த்தநாரீசுவரர் கல்லில் வடித்தவர். ஆகவே, கல்லை யார் தூக்கிக்கொண்டு போகப்போகிறார்கள் என்று இருந்துவிடாதீர்கள். கல்லும் கடல் தாண்டும்.

உங்கள் கரட்டுக்கு அப்படி யாரும் வந்து படம் எடுத்திருக்க வாய்ப்பு குறைவு. நாளை ஒரு கல் காணாமல் போனால், அது அங்கே இருந்தது என்பதற்கே உங்களிடம் சான்று இருக்காது. காவல் நிலையத்தில் எதைக் காணவில்லை என்று எழுதிக் கொடுப்பீர்கள்?

படம் எடுப்பதிலும் முறை உண்டு. உச்சி வெயிலில் எடுத்தால் கல் வெறும் பாறையாகத்தான் தெரியும். சூரியன் எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் போங்கள். வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது தேய்ந்த எழுத்துக்கும் நிழல் விழும். நேற்று வரை வெறும் கீறலாகத் தெரிந்தது வட்டெழுத்தாக, அதாவது பழந்தமிழ் எழுத்தாகத் துலங்கும். இரவில் டார்ச் விளக்கைக் கல்லின் ஓரத்தில் சாய்த்துப் பிடித்தாலும் இதே பலன் கிடைக்கும். ஆனால் இரவில் அங்கே போக வேண்டாம். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். கல்லோடு ஒட்டி ஓர் அடிக்கோலை நிறுத்தி எடுங்கள். முன்புறம், பின்புறம், இரு பக்கங்கள், மண்ணுக்குள் இறங்கும் அடிப்பகுதி எல்லாம் வேண்டும். கடைசியாக, எது குறையோ அதற்கு நெருங்கிப் போங்கள். வீரனின் தோளில் பெயர்ந்த சில்லு, வில்லின் மேல் ஓடும் விரிசல், காலடியில் மூக்கு உடைந்த நாய் போன்றவை. அழகான பகுதியைப் போலவே வேறொன்று செதுக்கிவிடலாம். இந்தக் குறைகள்தான் அந்தக் கல்லின் அங்க அடையாளம். எழுத்து நன்றாகத் தெரியட்டும் என்று சுண்ணாம்பு, மாவு, சாக்பீஸ் எதையும் பூசாதீர்கள். கம்பித் தூரிகை கொண்டு பாசியைத் தேய்க்கவே கூடாது.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் கல்லுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி உயரம், அகலம், பார்க்கும் திசை, பார்த்த தேதி ஆகியவற்றை எழுதுங்கள். படங்களின் நகல் மூன்று இடங்களில் இருக்கட்டும். அதில் ஒன்று மாவட்ட அருங்காட்சியகக் காப்பாட்சியரிடம் போய்ச் சேரட்டும். ஆனால் இடத்தைச் சுட்டும் வரைபடக் குறியோடு வாட்ஸ்அப் குழுக்களிலோ முகநூலிலோ போடாதீர்கள். ஊர்ப் பெருமையாக நீங்கள் பகிர்வது புதையல் தேடுகிறவனுக்கு வழிகாட்டியாகிவிடும். இந்தத் தவறைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் இடத்தின் மீது உண்மையான அன்பு கொண்டவர்கள் என்பதுதான் எனக்கு வேதனை.

அடுத்த வேலை காகிதம். அந்தக் கரடு எந்தப் புல எண்ணில் (சர்வே எண்) இருக்கிறது, அது பட்டாவா, புறம்போக்கா, காப்புக்காடா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். காப்புக்காடு என்றால் வனத்துறையைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பட்டா நிலமானால் உரிமையாளர் உங்கள் பக்கம் இல்லாமல் எதுவும் நடக்காது. அவரைக் குற்றவாளியைப் போல் விசாரிக்காமல் முதல் ஆளாக அழைத்துப் பேசுங்கள். புறம்போக்கு என்றால் இன்னொரு ஆபத்தும் உண்டு. கிராவல் எடுக்க யாராவது அனுமதி வாங்கிவிட்டால், திருடன் பத்து ஆண்டில் செய்கிற சேதத்தை ஜேசிபி ஒரே நாளில் செய்துவிடும். தோண்டியவர்களைவிட இதற்குத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன்.

புல எண் கைக்கு வந்ததும் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுங்கள். படங்களை இணையுங்கள். நகலை மாநிலத் தொல்லியல் துறைக்கும் வட்டாட்சியருக்கும் அனுப்புங்கள். இரண்டு கோரிக்கைகள் போதும். தொல்லியல் அலுவலர் வந்து பார்வையிட வேண்டும். அதுவரை அந்தப் புல எண்ணில் மண் எடுக்க அனுமதி தரக்கூடாது. தமிழ்நாட்டின் 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவிக்கவும் கேட்கலாம். அதற்குக் காலம் பிடிக்கும். கூடவே கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். தனி ஆள் மனுவுக்கும் ஊர்த் தீர்மானத்துக்கும் அலுவலக மேசையில் எடை வேறு.

ஏற்கெனவே தோண்டிய குழிகளுக்கு வருகிறேன். அவற்றை மூடிவிட்டீர்களா? மூடியிருந்தால் போகட்டும், இனிச் செய்யாதீர்கள். இப்படிப்பட்ட குழியைச் சுற்றி என்ன கிடக்கும் என்று பல முறை பார்த்திருக்கிறேன். நசுங்கிய எலுமிச்சம்பழம், குங்குமம், கற்பூரம் எரிந்த கறை, கடப்பாரை பட்டு வெள்ளையாகத் தெறித்த கல்முனை. மண் குவியலில் உள்ளே கறுப்பாகவும் வெளியே சிவப்பாகவும் இருக்கும் ஓடுகள், துருவேறிய இரும்புத் துண்டு, சில சமயம் எலும்பு. வந்தவனுக்கு அவை குப்பை. ஆனால் எந்த ஓடு எந்த ஆழத்தில் எதன் பக்கத்தில் இருந்தது என்பதில்தான், இறந்தவரை அடக்கம் செய்த அந்த ஈமக்குழியின் வரலாறு இருக்கிறது. பொறுக்கி எடுத்து வீட்டில் வைத்தால் அது வெறும் ஓடு.

குழியில் எஞ்சி இருப்பது வழக்குக்கும் உதவும். திருவாரூர் பக்கம் பத்தூரில் 1976-இல் ஒரு கூலித் தொழிலாளி மண்ணைத் தோண்டும்போது நடராசர் கிடைத்தார். விஷயம் வெளியே தெரியாமல் சிலை கைமாறி லண்டன் வரை போனது. அங்கே நடந்த வழக்கில், பத்தூர் மண்ணிலிருந்து பிறகு கிடைத்த மற்றத் திருமேனிகளோடு அந்த நடராசரை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 1991-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் கோயிலுக்கே தீர்ப்புச் சொன்னது. ஆகவே குழியைக் கண்டால் எட்ட நின்று படம் எடுங்கள், காலடித் தடத்தையும் டயர் தடத்தையும் மிதிக்காதீர்கள், 100-க்கு அழையுங்கள், பிறகு எழுத்தில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்குக் காவல் நிலையம் தரும் சி.எஸ்.ஆர். ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள். இடிந்த கோயிலில் திருமேனி ஏதும் காணாமல் போயிருந்தால், 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்னும் தண்டனைச் சட்டத்தின் 305-ஆவது பிரிவு, வழிபாட்டிடத்துச் சிலைத் திருட்டுக்கு ஏழு ஆண்டு வரை சிறை என்கிறது. புகாரில் இதைக் குறிப்பிடுங்கள். சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவு என்று 1983 முதல் தனிக் காவல் பிரிவே இருக்கிறது. நகலை அங்கும் அனுப்பலாம்.

இரவில் பதுங்கியிருந்து பிடிக்கும் எண்ணம் இளைஞர்களுக்கு வரும். வேண்டவே வேண்டாம். கடப்பாரையோடு நான்கைந்து பேர் வருவார்கள். வண்டி எண் தெரிந்தால் அதுவே பெரிய உதவி.

இப்போது உங்கள் மூன்று யோசனைகள். ஆளில்லாக் கரட்டில் வேலி போட்டால், உள்ளே ஏதோ இருக்கிறது என்று அறிவித்ததாகும். குழி தோண்டிக் கம்பம் நடும்போது கல்வட்டத்துக்குள்ளேயே நட்டுவிடுவதும் நடக்கிறது. கேமராவுக்கு மின்சாரமும் சிக்னலும் வேண்டும். பெரும்பாலும் முதலில் திருடு போவது அதுதான். அந்தப் பணத்தில் கரட்டுக்குப் போகும் வண்டித்தடம் தார்ச்சாலையைச் சேரும் இடத்தில், ஊரின் கடைசி வீட்டோரம் ஒரு விளக்கும் கேமராவும் வையுங்கள். கல்லைத் தூக்கிப்போக வண்டி வேண்டும், வண்டி அந்த வழியாகத்தான் வர வேண்டும். கரட்டின் மேல் உண்மையான கண், ஆடு மேய்க்கிறவர்களுடையது. எந்தக் கல் நேற்று எப்படி நின்றது என்று அவர்களுக்குத் தெரியும். அவர்களை அழைத்துப் பேசி, மாற்றம் தெரிந்தால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று ஒரு எண்ணைக் கொடுத்து வையுங்கள்.

கற்களைப் பெயர்த்து ஊருக்குள் கொண்டுவருவது கடைசி வழி. அதையும் தொல்லியல் அலுவலர்தான் முடிவு செய்ய வேண்டும். தொல்லியல் துறையின் அருங்காட்சியகமான தருமபுரி அகழ்வைப்பகத்துக்கு அப்படி வந்து சேர்ந்த நடுகற்கள் உண்டு. ஆனால் நடுகல் என்பது சண்டையில் மாண்டவன் நினைவாக நட்ட கல். அது நிற்கும் இடமும் அது சொல்லும் செய்தியின் ஒரு பகுதி. செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில் பல்லவ மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. எருமை மந்தையைக் காக்கப் போராடி மாண்ட வீரனோடு அவனுடைய நாயும் அதில் நிற்கிறது. கோவிவன் என்னும் நாய் இரண்டு கள்ளரைக் கடித்துக் காவல் இருந்ததாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஏறத்தாழ 1400 ஆண்டுக்கு முந்தைய ஒரு நாயின் பெயர்! அந்த ஒரு வரி இருந்த பகுதியில் கடப்பாரை பட்டிருந்தால் கோவிவன் நமக்கு இல்லை. உங்கள் நான்கு கற்களில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்னும் யாரும் படிக்கவில்லை என்பதை நினைத்துப் பாருங்கள்.

உங்கள் பகுதியில் நடுகல்லை வேடியப்பன் என்று கும்பிடும் வழக்கம் உண்டு. பூசை நடக்கும் கல்லின் அடியில் தோண்டப் பலரும் அஞ்சுவார்கள். ஊரும் அடிக்கடி போய்வரும். அந்த வழக்கம் உங்கள் கரட்டில் விட்டுப்போயிருந்தால் பெரியவர்களிடம் பேசி மீட்டெடுப்பது நல்ல காவல். எனாமல் பெயிண்ட், சிமென்ட் மேடை, கல்லின் மீதே ஏற்றும் கற்பூரம் ஆகிய மூன்றும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; பூவும் பொங்கலும் போதும்.

ஊரில் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். பாண்டவர் குழி என்று நாம் சொல்லும் கல்வட்டங்கள் புதையல் வைத்த இடமல்ல, இறந்தவரை அடக்கம் செய்த இடம். அப்படியே ஏர் ஓட்டும்போது யாருக்காவது ஏதாவது கிடைத்தாலும், 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது எதுவானாலும் ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை. தெரிவித்தவருக்குப் பங்கோ விலையோ கிடைக்க அதே சட்டத்தில் வழியும் இருக்கிறது. பலருக்கு இந்தப் பின்பாதி தெரியாததால்தான் பயந்துபோய் இரவோடிரவாக வியாபாரியிடம் கொடுத்துவிடுகிறார்கள்.

சாய்ந்து கிடக்கும் அந்தக் கல்லை நிமிர்த்தாதீர்கள். சங்கிலி போட்டு டிராக்டரில் இழுத்தால் விளிம்பு பெயர்ந்துவிடும். முகம் கீழே இருந்தால் எழுத்து மண்ணுக்குள் பத்திரமாக இருக்கிறது. முகம் மேலே இருந்தால் மாடு மிதிக்காமல் சுற்றிலும் முள் வெட்டிப் போடுங்கள். கல் விழுந்த பள்ளத்தையும் அப்படியே விடுங்கள். மறுபடி நடும்போது எந்தத் திசை பார்த்து நின்றது என்று அந்தப் பள்ளம்தான் சொல்லும். அலுவலர் வந்து, கல்லில் தாளை ஒட்டி மை ஒற்றி எழுத்தை நகலெடுக்கும் மைப்படி எடுக்கும் நாளில் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் நான்கு பேரை உடன் அழைத்துப் போங்கள். தாள் மீது எழுத்து எழும்பி வரும்போது முதலில் படிப்பது அவர்களாக இருக்கட்டும்.