டாக்டரிடம் கேளுங்கள்: பெட்டகத்துக்குப் பின்னால் கிடந்த ஊசி

கேள்வி: கோவையில் படித்துவிட்டு ஊர் திரும்பியிருக்கும் என் பேரனுக்கு வயது 22. சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்றுவதில்லை. நேற்று வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் பெட்டகத்தை நகர்த்திப் பெருக்கியபோது, ரத்தக் கறையோடு கிடந்த ஓர் ஊசி என் விரலில் குத்திவிட்டது. கேட்டதற்கு, நண்பர்களோடு சேர்ந்து வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொண்டதாகச் சொல்லி அழுதான். வெளியே தெரிந்தால் அவன் தங்கைக்கு வரன் அமையாது. பத்து நாள் அறையில் பூட்டி வைத்தால் தெளிந்துவிடுவானா?
– ஓர் அப்பத்தா, பள்ளத்தூர்

பதில்: ஆச்சி, பேரன் கவலையில் உங்கள் விரலை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். வாட்ஸ்ஆப்பில் உங்கள் கேள்வி வந்த அன்றே தொலைபேசியில் சொன்னதை மற்ற வாசகர்களுக்காக மீண்டும் எழுதுகிறேன். பிறர் பயன்படுத்திய ஊசி குத்தினால், பிதுக்காமல் சோப்பு நீரால் கழுவிவிட்டு உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மாத்திரைகளை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டியிருக்கலாம்.

பேரனுக்கு எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி ஆகிய மூன்றுக்கும் ரத்தப் பரிசோதனை தேவை. சி வகைக்குத் தடுப்பூசி இல்லையென்றாலும், பெரும்பாலோருக்கு 12 வார மாத்திரைகளிலேயே குணமாகிவிடுகிறது. 2018 முதல் அரசுத் திட்டத்தில் அவை இலவசம். வாயால் விழுங்குவதற்கென்று செய்த மாத்திரையின் மாவு ரத்தத்தில் முழுதாகக் கரையாமல் நுரையீரலின் நுண்குழாய்களை அடைப்பதும், ஊசியோடு புகும் கிருமி சீழ்க்கட்டியாகவோ இதய வால்வில் தொற்றாகவோ முற்றுவதும் உண்டு என்பதால், அந்தச் சட்டைக் கையை மருத்துவர் முன்னிலையில் மடித்துவிடச் சொல்லுங்கள்.

பூட்டி வைப்பதை நான் ஒப்பமாட்டேன். சில நாள் நிறுத்தியதும் அந்த மருந்தைத் தாங்கும் உடலின் திறன் இறங்கிவிடும். வெளியே வந்தவன் பழைய அளவையே போட்டுக்கொண்டால் மூச்சு நின்றுபோகலாம். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டுங்கள். போதை ஏக்கத்தைத் தணிக்க நாக்கின் அடியில் வைக்கும் புப்ரினார்பின் போன்ற மருந்து அவனுக்குப் பொருந்துமா என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள். போதை மீட்புக்கான 14446 என்ற இலவச எண்ணிலும் ஆலோசனை பெறலாம்.

வரன் பற்றிய உங்கள் அச்சத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. ஆனால் எச்.ஐ.வி. பரிசோதனை முடிவை உரியவரின் ஒப்புதலின்றி வெளியிடுவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் அரசின் நம்பிக்கை மையத்தில் அவன் தனியாகவே பேசலாம்.

பெட்டகத்துக்குப் பின்னால் இன்னும் ஊசிகள் இருக்கக்கூடும். கையை விடாதீர்கள். அவற்றுக்கு மூடி போடவும் முயலாமல், இடுக்கியால் எடுத்துக் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி, மருத்துவமனைக்குப் போகும்போது கொண்டு சென்று கொடுத்துவிடுங்கள்.