பனிமூட்டத்தை அச்சில் எடுக்க எந்தப் பிரிண்டர்?

அன்பின் ஐயா,

தலவாக்கலையிலிருந்து எழுதுகிறேன். தேயிலை மலை, தொழிலாளர் வசிக்கும் லயம், கொழுந்து எடுக்கும் பெண்கள், இவற்றைத்தான் வரைகிறேன். முன்பு நீர்வர்ணம் மட்டும். இப்போது கணினியிலும் வரைகிறேன். அண்மையில் கொழும்பில் ஒரு கடையில் ஏ3 அளவில் சில படங்களை அச்சிட்டேன். கொழுந்தின் பச்சை மங்கிப்போயிற்று. பனிமூட்டம் பட்டை பட்டையாக விழுந்திருந்தது. சொந்தமாக ஒரு பிரிண்டர் வாங்கச் சீட்டுக்காசு எடுத்து வைத்திருக்கிறேன். போத்தலிலிருந்து மை ஊற்றும் ஆறு வர்ண டாங்க் பிரிண்டர் போதும் என்கிறார் கடைக்காரர். ஓவியருக்குத் துகள் மையான பிக்மென்ட்தான் சரி, ஆனால் அடிக்கடி அடைத்துக்கொள்ளும் என்கிறார் ஒரு நண்பர். ஃபோட்டோஷாப்புக்கு மாதாமாதம் காசு கட்ட என்னால் முடியாது. எதை வாங்கட்டும்?

ஒரு வாசகி

அன்பின் சகோதரிக்கு,

நீங்கள் சொல்லும் இரண்டு குறைகளையும் புதுப் பிரிண்டர் தானாகத் தீர்த்துவிடாது. காசைக் கையில் வைத்துக்கொண்டு முதலில் கோப்பைத் திறந்து பாருங்கள்.

பனிமூட்டம் பட்டையாக விழுவதற்குப் பெரும்பாலும் 8 பிட் கோப்புத்தான் காரணம். 8 பிட்டில் ஒரு வர்ணத்துக்கு 256 படிகள். மலைக்கு மேலே பனி மெல்ல வெளுக்கும் இடத்தில், 180 இலிருந்து 230 வரை ஐம்பது படிகள்தான் உங்களுக்குக் கிடைக்கின்றன. அந்தப் பனி படத்தில் 3,000 பிக்சல் உயரம் என்றால் ஒரு படிக்கு 60 பிக்சல். அங்குலத்துக்கு 300 பிக்சல் வீதம் அச்சிடும்போது ஒவ்வொரு படியும் 5 மில்லிமீற்றர் அகலத்தில் கோடாகத் தெரியும். எத்தனை இலட்சம் ரூபாய்ப் பிரிண்டரில் போட்டாலும் அது தெரியத்தான் செய்யும். தொடக்கத்திலேயே 16 பிட்டில் வரைய வேண்டும். வரைந்து முடித்த 8 பிட் கோப்பைப் பிறகு 16 ஆக மாற்றினால் இல்லாத படிகள் வந்துவிடாது. பிரிண்டரை இயக்கும் டிரைவர் மென்பொருள்கள் பலவும் கடைசியில் 8 பிட்டாகத்தான் கோப்பை வாங்கிக்கொள்ளும். அதனால் அனுப்பும் பிரதியில் பனிப்பகுதிக்கு மட்டும் ஒன்றிரண்டு வீதம் நொய்ஸ் என்ற புள்ளித்தூவலைச் சேர்த்துவிடுங்கள். தாளில் அது கண்ணுக்குத் தெரியாது, ஆனால் பட்டையின் ஓரம் கரைந்துவிடும்.

16 பிட்டுக்கு நினைவகம் வேண்டும். 300 அடர்த்தியில் ஏ3 என்பது 3,508 க்கு 4,961 பிக்சல். ஒரு படலம், அதாவது லேயர், ஏறத்தாழ 139 மெகாபைட் பிடிக்கும். இருபது படலம் போட்டால் 2.8 கிகாபைட்டுக்குக் கிட்ட வந்துவிடும். 8 கிகாபைட் ராம் உள்ள கணினி அங்கேதான் திணறும். பிரிண்டர் காசில் ஒரு சிறு பங்கை எடுத்து ராமை 16 கிகாபைட்டாக உயர்த்துவது நல்ல செலவு.

பச்சைக்கு வருவோம். கொழுந்தின் மஞ்சள் கலந்த இளம்பச்சை திரையில் ஒளியாகத் தெரிவது. நீலமும் மஞ்சளும் கலந்து தாளில் எழும் பச்சை அவ்வளவு தூரம் போகாது. கடைக்காரர் சொல்லும் ஆறு வர்ணத்தில் கூடுதலாக இருப்பவை இளநீலமும் இளமெஜென்டாவும். அவை வெளிர் இடங்களில் புள்ளி தெரியாமல் வழவழப்பாக்கும். பச்சையின் எல்லையை விரிக்காது. உங்கள் அச்சு அந்த எல்லைக்கும் கீழே மங்கியிருந்தால் வேறு இரண்டு காரணங்களைத் தேடுங்கள். அகன்ற வர்ண வெளியான அடோபி ஆர்ஜிபியில் வரைந்து, வர்ணங்களை விளக்கும் ஐசிசி புரொஃபைலை உள்ளே பதிக்காமல் அனுப்பினீர்களா? அப்படியானால் கடையின் கணினி அதைக் குறுகிய வர்ண வெளியான எஸ்ஆர்ஜிபி என்று எடுத்துக்கொள்ளும். எல்லா வர்ணமும் வெளிறும். அல்லது அச்சுக்குப் போகிறதே என்று நீங்களே அச்சகத்தின் நான்கு மை முறையான சிஎம்வைகே ஆக மாற்றினீர்களா? இங்க்ஜெட் டிரைவர் எதிர்பார்ப்பது ஆர்ஜிபி. சிஎம்வைகே ஆக்கும்போது வர்ணம் ஒருமுறை சுருங்குகிறது, டிரைவர் அதைத் திருப்பி எடுக்கும்போது இன்னொரு முறை கெடுகிறது. ஓஃப்செட் அச்சகத்துக்குப் போகும் கோப்புக்கு மட்டும், அச்சகத்தின் புரொஃபைலைக் கேட்டு வாங்கி மாற்றுங்கள்.

தாளில் எது வரும், எது வராது என்பதை வரையும்போதே பார்க்கலாம். கிரிட்டா என்ற வரையும் மென்பொருளிலும் ஃபோட்டோஷாப்பிலும் கண்ட்ரோல் வை அழுத்தினால் மெய்ப்புத் தோற்றம். ஷிஃப்டும் சேர்த்து அழுத்தினால் எல்லை தாண்டிய இடங்கள் தனி நிறத்தில் காட்டப்படும். எந்தப் பிரிண்டர், எந்தத் தாள் என்பதற்குரிய ஐசிசி கோப்பை அதற்கு முன்பே கொடுத்திருக்க வேண்டும். எல்லை தாண்டிய பச்சையை இன்னும் பளிச்சென்று ஆக்கினால் அது தட்டையாகிவிடும், இலை நரம்பெல்லாம் ஒட்டிப்போகும். பக்கத்திலுள்ள முற்றிய இலையின் கரும்பச்சையைக் கொஞ்சம் ஆழமாக்குங்கள். கொழுந்து தானாக எழுந்து நிற்கும்.

இதெல்லாம் திரை நம்பகமாக இருந்தால்தான். மலிவு மடிக்கணினித் திரையில் 45 வீதம் என்டிஎஸ்சி (ஒரு வர்ண அளவு) என்று போட்டிருந்தால் அது எஸ்ஆர்ஜிபியில் ஏறத்தாழ 60 வீதம்தான் காட்டும். 100 வீதம் எஸ்ஆர்ஜிபி காட்டும் ஐபிஎஸ் திரையும், ஸ்பைடர் அல்லது கலிப்ரைட் போன்ற ஓர் அளவீட்டுக் கருவியும் வேண்டும். கருவியை நாலைந்து ஓவியர்கள் சேர்ந்து வாங்கலாம். மாதத்துக்கு ஒருமுறை கைமாறினால் போதும். டிஸ்ப்ளேகால் மென்பொருள் இலவசம். திரையின் வெளிச்சத்தை 100 க்கும் 120 க்கும் இடைப்பட்ட நிட்ஸ் அளவுக்கு இறக்குங்கள். அச்சு இருண்டு வருகிறது என்ற முறைப்பாட்டில் பாதி இதிலேயே முடிந்துவிடும்.

மென்பொருளில் உங்களுக்குக் காசு செலவே தேவையில்லை. வரைய கிரிட்டா: 16 பிட், ஐசிசி, மெய்ப்பு மூன்றும் உண்டு, இலவசம். ஆனால் அதில் அச்சிடும் கட்டளை கிடையாது. படலங்களை ஒன்றாக்கி, புரொஃபைலைப் பதித்து டிஃப் கோப்பாக எடுத்து, வேறொன்றில் திறந்துதான் அச்சிட வேண்டும். அதற்கு அஃபினிட்டி என்ற மென்பொருள் பொருந்தும்; 2025 அக்டோபரிலிருந்து அதுவும் இலவசம், கன்வா கணக்கு ஒன்று மட்டும் கேட்கும். அச்சிடும்போது வர்ண நிர்வாகத்தை ஓரிடத்தில்தான் வைக்க வேண்டும். மென்பொருள் புரொஃபைலைப் பார்த்துக்கொள்கிறது என்றால் டிரைவரில் அதை முழுதாக நிறுத்துங்கள். இரண்டும் இயங்கினால் படம் சிவந்து இருண்டு வரும்.

வாழ்த்து அட்டை, பதாகை என்று தமிழ் எழுத்துச் சேர்க்கும் வேலை இருந்தால், எந்த மென்பொருளானாலும் முதலில் யூனிகோட் எழுத்துருவில் பொங்கல், கௌரி, ஸ்ரீ என்று மூன்று சொல் அடித்துப் பாருங்கள். கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால் அந்த நிரலுக்குத் தமிழ் அடுக்கத் தெரியாது. ஃபோட்டோஷாப்பில் எழுத்து அமைப்புக்குள் போய் உலகமொழிகளுக்கான விருப்பத்தைத் தெரிவு செய்தால் சரியாகும். இங்க்ஸ்கேப்பில் அந்தச் சிக்கலே இல்லை. அச்சகத்துக்கு அனுப்பும் பிரதியில் எழுத்தைக் கோட்டுருவமாக மாற்றிவிடுங்கள். அங்கே பாமினி என்ற பழைய எழுத்துரு மட்டும் இருந்தாலும் உங்கள் வரி உடையாது.

இனிப் பிரிண்டர். பிக்மென்ட் அடைத்துக்கொள்ளும் என்ற பயம் காய்ந்த ஊர்களில் பிறந்தது. மை காய்வது வறண்ட காற்றில். வைகாசி முதல் புரட்டாசி வரை தென்மேல் பருவக்காற்று அடிக்கும் உங்கள் பக்கத்தில் ஈரப்பதன் 80 வீதத்துக்கு மேலே நிற்கும் நாட்கள்தான் அதிகம். மைத்துளைக்கு அது நல்ல காற்று. தைக்கும் பங்குனிக்கும் இடைப்பட்ட வெயில் நாட்களில் மட்டும் கவனம் வேண்டும். அப்போது விடியற்காலைக் குளிரில் அச்சிடவும் வேண்டாம். எப்சன் நிறுவனத்தின் இவ்வகை இயந்திரங்களுக்கு 10 பாகை செல்சியஸுக்குக் கீழே வேலை இல்லை. மலையகத்தில் பிரிண்டருக்கு உண்மையான எதிரிகள் நனைந்த தாளும் கரண்ட் வெட்டும்தான்.

சாயமை என்கிற டை மைக்கு இந்த ஈரம் ஆகாது. அது தாளின் பூச்சுக்குள் கரைந்து நிற்பது. ஈரச் சுவரில் மாட்டினால் மெல்லப் பரவி, கறுப்புக் கோட்டின் ஓரத்தில் நிறம் கசியும். பிக்மென்ட் துகள் தாளின் மேற்பரப்பில் பிடித்து நிற்பதால் அசையாது, வெளிச்சத்தையும் கூடத் தாங்கும். காசு வாங்கி விற்கும் ஓவியத்துக்குப் பிக்மென்ட் என்று உங்கள் நண்பர் சொன்னது சரி.

எல்18050 என்ற எப்சன் டாங்க் பிரிண்டர் ஏ3+ வரை அச்சிடும், மைப்போத்தல் 70 மில்லிலீற்றர், செலவு குறைவு. அட்டை, ஸ்டிக்கர், பள்ளிக்கூட வேலைக்கு அருமையானது. ஆனால் அதில் சாம்பல் மை இல்லை. உங்கள் பனி சாம்பலால் ஆனது. சாம்பல் மை இல்லாத இயந்திரம் நீலம், மெஜென்டா, மஞ்சள் மூன்றையும் கலந்து சாம்பல் செய்யும். கலவை சற்றுப் பிசகினாலும் பனி இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ சாயும். டாங்க் வகைதான் வேண்டுமென்றால் எல்8180ஐப் பாருங்கள். அதில் சாம்பல் உண்டு, ஏ3+ உம் போகும். ஆனால் வர்ணங்கள் சாயமைதான். பிக்மென்ட் வகையில் எப்சன் ஷுவர்கலர் பி700, கேனன் இமேஜ்புரோகிராஃப் புரோ-300 இரண்டிலும் சாம்பல் இருக்கிறது. பளபளப்பில்லாத மட் தாளின் கறுப்புக்கும் பளபளத் தாளின் கறுப்புக்கும் தனித்தனி மையும் இருக்கிறது. பி700 இன் ஒரு குப்பியில் 25 மில்லிலீற்றர், புரோ-300 இல் 14.4. இயந்திரத்தின் விலையை விட இதைத்தான் கணக்குப் பாருங்கள்: பத்துக் குப்பியின் விலை, ஒரு குப்பி உங்கள் தலவாக்கலைக் கையில் வந்து சேரும் நாள், சுத்திகரிப்புக்குப் போகும் மை.

மாதத்துக்கு நாலைந்து ஏ3 தான் விற்கிறீர்கள் என்றால் பிக்மென்ட் பிரிண்டர் வாங்க வேண்டாம் என்பதே என் முடிவு. ஓடாத இயந்திரம் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளவே மையைக் குடித்துவிடும். திரையும் அளவீட்டுக் கருவியும் வாங்குங்கள். கண்டியிலோ கொழும்பிலோ பிக்மென்ட்டில் அச்சிடும் ஒருவரைப் பிடித்து, அவருடைய தாளின் ஐசிசி கோப்பைக் கேட்டு வாங்கி, அதை வைத்து வீட்டில் மெய்ப்புப் பார்த்து அனுப்புங்கள். வாரத்துக்கு நாலைந்து என்று ஆனபின் பி700 அல்லது புரோ-300 வாங்கலாம்.

எதை வாங்கினாலும் கரண்ட் விடயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். அச்சு ஓடும் நடுவில் கரண்ட் போனால் மைத்தலை மூடிக்குப் போகாமல் வெளியே நின்று காயும். சுவர்ச் சுவிட்சை அணைத்தாலும் அதேதான். எப்போதும் பிரிண்டரின் பொத்தானால் நிறுத்தி, தலை ஓரத்துக்குப் போய் அடங்கிய பிறகுதான் சுவிட்ச். இங்க்ஜெட்டுக்கு 600 விஏ யூபிஎஸ் தாராளம். லேசர் பிரிண்டரை அதில் மாட்டாதீர்கள். அதன் சூடாக்கி இழுக்கும் மின்சாரத்தை அது தாங்காது. பங்குனி, சித்திரை, ஐப்பசி மாதங்களின் பிற்பகல் இடிக்கு, பொத்தானால் நிறுத்தியபின் பிளக்கையும் யூஎஸ்பி வயரையும் சேர்த்துக் கழற்றுங்கள். வாரம் ஒருமுறை எல்லா மையும் ஓடும்படி அரைப்பக்கம் அச்சிடுங்கள். துளை ஏதும் விடுபட்டிருந்தால் ஒருமுறை சுத்தம், பிறகு சோதனை, இன்னொருமுறை சுத்தம். அப்போதும் வராவிட்டால் அணைத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் விடுங்கள். தொடர்ந்து சுத்தம் செய்தால் கழிவு மைப் பஞ்சு நிரம்பும், காற்றுக்குமிழும் ஏறும்.

தாளை ஈரம் பிடித்தால் ஓரம் சுருளும். மைத்தலை அதில் உரசி இருபுறமும் கறுப்புக் கீறல் போடும். மையும் பரவி, இருட்டுப் பகுதிகள் ஒரே கட்டியாகும். காற்றுப்புகாத பிளாஸ்ரிக் பெட்டியில் ஈரம் உறிஞ்சும் செம்மஞ்சள் சிலிக்கா ஜெல்லுடன் தாளை வையுங்கள். சிறிய ஈரப்பதமானி ஒன்று உள்ளேயே கிடக்கட்டும், 40 க்கும் 60 க்கும் நடுவில் நிற்க வேண்டும். ஜெல் நிறம் மாறினால் 120 பாகையில் சில மணித்தியாலம் ஓவனில் வைத்தால் மீளும். கொழும்பிலிருந்து வந்த தாள்கட்டை ஒரு நாள் உடைக்காமல் அறையில் விடுங்கள். தேவையான தாளை மட்டும் எடுத்து, பின்புறத் தட்டில் ஒவ்வொன்றாகக் கொடுங்கள். கனமான தாள் என்றால் டிரைவரில் தலை இடைவெளியைக் கூட்டுங்கள். அச்சிட்டதைக் கண்ணாடிச் சட்டத்தில் அடைக்குமுன் ஒரு நாள் முழுக்கக் காயவிட வேண்டும். தாள் வாங்கும்போது கள்ளநோட்டுப் பார்க்கும் புறஊதா விளக்கை அடித்துப் பாருங்கள். நீலமாகப் பளிச்சிட்டால் அதில் வெளுப்பூட்டி இருக்கிறது. அந்த வெண்மை சில வருடங்களில் மஞ்சளாகும்.

நீர்வர்ணப் படங்களை ஸ்கேன் செய்ய எண்ணினால் சிசிடி வகை ஸ்கேனர் கேளுங்கள். மலிவான சிஐஎஸ் வகை, கண்ணாடியை ஒட்டிக் கிடப்பதை மட்டும் கூர்மையாகப் பிடிக்கும். அலையோடிய நீர்வர்ணத் தாளின் மேடு பள்ளம் மங்கிவிடும்.

கடைக்குப் போகும்போது ஓர் ஏ4 சோதனைக் கோப்பு கொண்டுபோங்கள். கறுப்பிலிருந்து வெள்ளை வரை 21 சாம்பல் கட்டம், உங்கள் பனிமூட்டத்தில் ஒரு துண்டு, கொழுந்துப் பச்சை, வெயிலில் கறுத்த ஒரு முகம், மெல்லிய பென்சில் கோடுகள், 6 புள்ளி அளவில் இரண்டு வரி தமிழ். காட்சிக்கு வைத்திருக்கும் பிரிண்டரில், நீங்கள் வாங்கப்போகும் தாளிலேயே அச்சிட்டுத் தரச் சொல்லுங்கள். கடையின் எல்ஈடி விளக்கில் முடிவெடுக்காமல் வாசலுக்கு எடுத்துவந்து பகல் வெளிச்சத்தில் சாம்பல் கட்டங்களைப் பாருங்கள். அடுத்து முகம். அது செங்கல் நிறத்துக்கோ ஊதாவுக்கோ போயிருந்தால் அந்தத் தாளுக்குரிய புரொஃபைலோடு இன்னொருமுறை கேளுங்கள். டாங்க் பிரிண்டர் வாங்குவதென்று முடிவானால் கடையில் மை ஊற்ற விடாதீர்கள். மலைப்பாதை வளைவுகளில் சாய்ந்து குழாய்க்குள் காற்றேறும். வீட்டில் சாயாத, சமதளமான மேசையில் வைத்து நீங்களே ஊற்றுங்கள்.

அச்சிட்ட படங்களின் மூலக்கோப்பு இன்னும் இருந்தால், அதன் பண்புகளில் எத்தனை பிட், என்ன புரொஃபைல் என்று பார்த்து எழுதுங்கள். 8 பிட் என்றால் படம் முழுவதையும் திருப்பி வரைய வேண்டியதில்லை. கோப்பை 16 ஆக மாற்றிவிட்டு, வானத்தையும் பனியையும் மட்டும் புதிய படலத்தில் மீண்டும் தீட்டினால் போதும்.

அன்புடன்.