புல் வெட்டும் மெசின் ஸ்டார்ட் ஆகாதபோது: களுவாஞ்சிகுடித் தம்பிக்கு ஒரு பதில்

அன்புள்ள தம்பி,

மட்டக்களப்புக் களுவாஞ்சிகுடியிலிருந்து வந்து கனடாவின் ஒன்ராறியோவில் நகரத்துக்கு வெளியே வாடகைக்கு இருக்கும் உங்கள் கேள்வியைப் படித்தேன். வளவு ஓர் ஏக்கருக்கு மேல் என்றும், புல் வெட்டுவது உங்கள் பொறுப்பு என்று சொல்லி வீட்டுக்காரர் தமது ஏறி ஓட்டும் மெசினைத் தந்தார் என்றும், குளிர்காலம் முழுவதும் கராஜில் கிடந்த அது இப்போது ஸ்டார்ட் ஆகவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். புதுப் பற்றறி வாங்குவதா, மெக்கானிக்கைக் கூப்பிடுவதா என்று கேட்கிறீர்கள். இரண்டையும் இன்றைக்குச் செய்ய வேண்டாம். திறப்பைத் திருப்பும்போது என்ன சத்தம் கேட்கிறது என்று முதலில் கவனியுங்கள். பிழை எங்கே இருக்கிறது என்பதை அதுவே பெருமளவுக்குச் சொல்லிவிடும்.

ஒரு சத்தமும் வராவிட்டால், மெசினில் பிழையே இல்லாமலும் இருக்கலாம். ஊரில் நாம் பழகிய தண்ணீர்ப் பம், இயக்குகிறவர் எங்கே நிற்கிறார் என்று பார்ப்பதில்லை. இங்குள்ள மெசின்கள் பார்க்கும். பெரும்பாலானவற்றில் பிறேக்கை அடிவரை மிதித்து, புல் வெட்டும் பிளேட்டைச் சுழற்றும் சுவிட்சை அணைத்து வைத்தால்தான், எஞ்சினைச் சுழற்றித் தொடக்கிவிடும் மோட்டரான ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் போகும்; சிலவற்றில் ஆசனத்திலும் ஆள் இருக்க வேண்டும். ஆகவே ஆசனத்தில் நன்றாக அமர்ந்து, இவற்றையெல்லாம் சரிபார்த்து, இன்னொரு தடவை திருப்பிப் பாருங்கள். அதன் பிறகும் அசைவில்லையென்றால், பியூஸ் எரிந்திருக்கிறதா என்றும், வயர்களை எலி கடித்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். குளிருக்கு ஒதுங்கும் எலிகள் எஞ்சின் மூடிக்குள் கூடு கட்டுவது இங்கே சாதாரணமான விடயம். அந்தக் கூட்டை அகற்றாமல் ஓட்டினால் எஞ்சினைக் குளிர்விக்கும் காற்று அடைபட்டு, அது அளவுக்கு மீறிச் சூடாகிவிடும்.

ஆசனத்தின் கீழுள்ள சுவிட்சின் வயர்களை முறுக்கி இணைத்துவிட்டால் வேலை முடிந்துவிடும் என்று உங்களுக்கு யாராவது சொல்லக்கூடும். தயவு செய்து அதைச் செய்யாதீர்கள். நீங்கள் வழுக்கி விழுந்தால் எஞ்சினை நிறுத்துவதற்கென்றே அந்த சுவிட்ச் இருக்கிறது. வளவில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

'டிக்' என்ற சத்தம் வந்தால் பற்றறியிலிருந்து தொடங்குங்கள். படபடவென்று தொடர்ந்து டிக், டிக் என்று வந்தால் பற்றறியில் பலமில்லை, அல்லது அதன் முனைகளில் இணைப்புச் சரியில்லை. முனைகளைக் கிட்ட நின்று பாருங்கள். வெள்ளையாகவோ நீலப் பச்சையாகவோ தூள் பூத்திருந்தால், நெகட்டிவ் வயரை முதலிலும் மற்றதைப் பின்னரும் கழற்றி, அப்பச்சோடா கரைத்த தண்ணீரால் தேய்த்துக் கழுவி, உலரவிட்டு, நெகட்டிவைக் கடைசியாகப் பூட்டுங்கள். நெகட்டிவ் வயரின் மறுமுனை மெசினின் இரும்புச் சட்டத்தில் பூட்டப்பட்டிருக்கும். அந்த இடம் கறள் பிடித்திருந்தால், எத்தனை புதுப் பற்றறி போட்டாலும் பயனில்லை. பிறகு ஒரு மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். ஓய்வில் இருக்கும் நல்ல பற்றறி 12.6 வோல்ட் அளவில் காட்டும்; 12.4க்குக் கீழே இருந்தால் சார்ஜ் செய்ய வேண்டும். 12ஐ ஒட்டியிருந்தால் அது ஏறக்குறைய வெறுமை. சிறிய பற்றறி என்பதால் 2 அம்பியர் அளவில் இரவு முழுவதும் மெதுவாகச் சார்ஜ் செய்வது நல்லது. குளிர்காலத்தில் சார்ஜ் இறங்கிய பற்றறி உறைந்து வெடிப்பு விடுவதும் உண்டு. வயிறு வீங்கியோ வெடித்தோ இருப்பதைச் சார்ஜ் செய்யக் கூடாது. அதை மாற்றத்தான் வேண்டும்.

பற்றறி நன்றாக இருந்தும் ஒரேயொரு 'டிக்' மட்டும் வந்து நின்றுவிட்டால், சொலினொயிட்டையோ (ஸ்டார்ட்டருக்கு மின்சாரத்தை விடும் மின்காந்த சுவிட்ச்) ஸ்டார்ட்டரையோ சந்தேகிக்கலாம். திறப்பைத் திருப்பியிருக்கும்போது, ஸ்டார்ட்டருக்குப் போகும் பெரிய முனையில் 12 வோல்ட் வராவிட்டால் பிழை சொலினொயிட்டில். அங்கே வந்தும் ஸ்டார்ட்டர் சுற்றாவிட்டால் ஸ்டார்ட்டரில் அல்லது இடையிலுள்ள வயரில்.

இனி, பலர் வீணாகப் பணம் செலவழிக்கும் இடத்துக்கு வருகிறேன். பற்றறியும் இணைப்புகளும் சரியாக இருந்தும், எஞ்சின் அரைச் சுற்றுச் சுற்றி, ஏதோ முட்டியது போல நின்றுவிடும். பார்க்கிறவர்கள் பற்றறி போதாது என்றுதான் சொல்வார்கள். இரண்டாவது பற்றறியும் வாங்கப்படும். நீங்கள் ஊரில் படுவான்கரைப் பக்கம் லேண்ட்மாஸ்டர் என்ற இரு சக்கர உழவு மெசினை ஸ்டார்ட் பண்ணுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கையால் எஞ்சினுக்குள் அழுத்தத்தைக் குறைக்கும் டீகொம்பிரசன் லீவரைப் பிடித்துக்கொண்டு மறுகையால் சுழற்றி, வேகம் வந்ததும் லீவரை விடுவார்கள். பிடிக்காமல் சுழற்ற முயன்றால் எஞ்சின் கையைத் திருப்பித் தள்ளும். இந்தப் பெற்றோல் எஞ்சின்களில் அதே வேலையை உள்ளேயுள்ள ஒரு சிறிய பொறிமுறை தானாகவே செய்கிறது: ஸ்டார்ட் ஆகும் வேளையில் ஒரு வால்வை மிகச் சிறிதளவு திறந்து அழுத்தத்தைக் குறைக்கிறது. நாளடைவில் வால்வின் இடைவெளி கூடிவிட்டால், அது திறப்பது போதாமல் போகிறது. முழு அழுத்தத்தையும் எதிர்த்துச் சுழற்ற ஸ்டார்ட்டரால் முடிவதில்லை. அந்த இடைவெளி ஒரு மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு அளவிலானது. சரியான அளவை எஞ்சினின் கையேட்டில் பார்த்து, வால்வு மூடியைக் கழற்றி, ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்துச் சரிசெய்ய வேண்டும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டுத் திறப்பைத் திருப்பும்போது எஞ்சின் இலகுவாகச் சுற்றினால், இந்தச் சந்தேகம் பலப்படும். அதைச் செய்யும்போது பெற்றோல் சிந்தியிருக்கக் கூடாது. பிளக் வயரையும் துவாரத்துக்குத் தூரமாக ஒதுக்கி வையுங்கள்.

எஞ்சின் வேகமாகச் சுற்றியும் இயங்காவிட்டால், பழைய பெற்றோல்தான் முதற்காரணம். இங்கே சாதாரணப் பெற்றோலில் எதனோல் கலந்திருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும், மாதக்கணக்கில் நின்றால் பெற்றோல் பழுதாகி, அதைக் காற்றுடன் கலக்கும் காபரேட்டரின் நுண்துளைகளை அடைக்கும். தாங்கியை வடித்து, ஃபில்டரை மாற்றி, புதுப் பெற்றோல் ஊற்றி, சோக்கை இழுத்து முயன்று பாருங்கள். காபரேட்டரின் அடியில் வயருடன் பெற்றோலைத் திறந்துவிடும் இன்னொரு சிறிய சொலினொயிட் இருந்தால், திறப்பை முதல் நிலைக்குத் திருப்பும்போது அங்கே மெல்லிய 'டிக்' கேட்க வேண்டும். கேட்காவிட்டால் எஞ்சினுக்குப் பெற்றோல் போகாது. ஒரு தடவைக்கு 5 விநாடிக்கு மேல் சுழற்றாமல், இடையில் ஒரு நிமிடம் ஆறவிடுங்கள். இல்லையென்றால் நல்ல ஸ்டார்ட்டரும் எரிந்துவிடும்.

எதையும் கழற்றுவதற்கு முன்னர் வீட்டுக்காரருக்கு ஒரு செய்தி அனுப்பி, பாகங்களின் செலவு யாருடையது என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். புதிதாக வந்த நம்மவர்கள் கேட்பதற்குக் கூச்சப்பட்டுத் தம் கைப்பணத்தைப் போட்டுவிடுகிறார்கள். மெசின் அவருடையது, கேட்பதில் தவறில்லை. ஆசனத்தின் அடியில் மெசினின் மாடல் இலக்கமும், எஞ்சினில் அதற்குரிய தனி இலக்கமும் இருக்கும். இரண்டையும் படமெடுத்து வைத்திருந்தால் பாகம் வாங்குவது இலகு. வசந்த காலத்தில் திருத்துமிடங்களில் பெரிய நெரிசல் இருக்கும். ஆகையால், இவ்வளவையும் பார்த்த பின்னரும் சரிவராவிட்டால் தாமதிக்காமல் பதிந்துவிடுங்கள். அப்போது நீங்கள் அளந்த வோல்ட் எவ்வளவு, என்ன சத்தம் கேட்டது என்பவற்றை மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். அவர் தேடும் நேரமும், அதற்கு நீங்கள் கொடுக்கும் கூலியும் குறையும்.