முடி நடவு முதலிலா, நெற்றி அறுவை முதலிலா?

கேள்வி: வயது 31, திருநங்கை, சென்னையில் ஐ.டி. வேலை. ஹார்மோன் ஆரம்பித்து ஏழு மாதம் ஆகிறது. நெற்றி இரண்டு ஓரமும் ‘எம்’ எழுத்து மாதிரி ஏறிப்போயிருக்கிறது. எஃப்.எஃப்.எஸ். என்கிற முகப் பெண்மையாக்க அறுவை சிகிச்சைக்குப் பணம் சேர்த்து வருகிறேன், அடுத்த வருடம் செய்துகொள்ள எண்ணம், அதில் புருவ எலும்பைக் குறைப்பதுதான் எனக்கு முக்கியம். இதற்கிடையில் ஒரு ஹேர் கிளினிக்கில் 2,500 கிராஃப்ட்டுக்கு (நடுவதற்காக எடுக்கிற முடிவேர்த் துணுக்கு) இந்த மாதம் மட்டும் தள்ளுபடி, தவணையிலும் கட்டலாம் என்றார்கள், 20,000 ரூபாய் முன்பணம் கட்டிவிட்டேன். விக் இல்லாமல் வேலைக்குப் போக ஆசையாக இருக்கிறது. செய்துகொள்ளலாமா?

பதில்: இந்த மாதம் வேண்டாம். தள்ளுபடி அடுத்த மாதமும் வரும், தீபாவளிக்கும் வரும். பின்னந்தலையிலிருந்து எடுத்த முடி மட்டும் அதே இடத்தில் மறுபடி முளைக்காது. ஹேர் ட்ரான்ஸ்பிளான்ட்டில் யாரும் புது முடி தருவதில்லை, உங்கள் முடியையே இடம் மாற்றி வைக்கிறார்கள், அப்படி எடுக்கக் கூடியது ஆயுளுக்கும் சில ஆயிரம் கிராஃப்ட்தான். அதில் 2,500ஐ, அடுத்த வருடம் கத்தி படப்போகிற இடத்தில் கொண்டுபோய் வைப்பதா?

புருவ எலும்பைக் குறைக்க நெற்றித் தோலைத் திறந்தாக வேண்டும், அதற்கு வழக்கமாக இரண்டு வழி. ஒன்று, முடி தொடங்குகிற விளிம்பை ஒட்டியே வெட்டுவது. இதில் உச்சந்தலைத் தோலை முன்னால் இழுத்துத் தைத்து நெற்றியையும் சின்னதாக்கலாம், தோல் எவ்வளவு நெகிழ்கிறது என்பதைப் பொறுத்து ஒன்றிரண்டு சென்டிமீட்டர் இறங்கும். இன்னொன்று, முடிக்குள்ளேயே காதுக்குக் காது வெட்டுவது. தழும்பு முடிக்குள் மறைந்துவிடும், ஆனால் முடிக்கோடு கீழே வராது, கொஞ்சம் மேலே போகவும் செய்யும்.

நீங்கள் இப்போதே முன்னால் நட்டுவிட்டு, அப்புறம் டாக்டர் முதல் வழியில் வெட்டுகிறார் என்று வையுங்கள். காசு கொடுத்து வைத்த முன்வரிசை வெட்டுக்கோட்டிலேயே வரும், ஒரு பகுதி தோலோடு சேர்ந்தே போய்விடலாம். இரண்டாவது வழியில் அவ்வளவு சேதமில்லை, ஆனால் கோடு நகர்ந்துவிடும். இதோடு ஒன்று, எலும்பைக் குறைக்கும்போது பலருக்கும் புருவத்தையும் சேர்த்துத் தூக்கிவிடுவார்கள், அதனால் நெற்றியின் உயரமே மாறிப்போகும். பெண்களுக்குப் புருவத்திலிருந்து முடி வரை சுமார் 5, 6 சென்டிமீட்டர் இருந்தால் இயல்பாகத் தெரியும் என்பது பொதுக் கணக்கு. அந்த அளவை அறுவைக்கு முன்னால் எடுத்து என்ன பயன்?

ஆகவே நெற்றியில் கை வைக்கப்போகிறவர்களுக்குப் பெரும்பாலும் அறுவை முதலில், முடி பிறகு. இடையில் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை விடுவது வழக்கம். தழும்பு சிவப்பு தணிந்து மெத்தென்று ஆக வேண்டும், மரத்துப்போன தோலுக்கு உணர்ச்சி திரும்ப வேண்டும். அறுவை முடிந்த இரண்டு மூன்று மாதத்தில் அதிர்ச்சியில் முடி கொட்டுவதும் உண்டு, பெரும்பாலும் அது தானாகவே திரும்பி வரும். அந்தக் கொட்டுகிற சமயம் பார்த்து ஹேர் கிளினிக் வாசலை மிதித்தீர்கள் என்றால் 2,500 என்றவர்கள் 3,500 என்பார்கள். காத்திருந்தால் இன்னொரு லாபம், தழும்பு கண்ணில் பட்டால் அதன் மேலேயே கொஞ்சம் கிராஃப்ட் வைத்து மறைக்கலாம். தழும்பில் ரத்த ஓட்டம் குறைவு என்பதால் வைத்ததெல்லாம் பிடிக்காது, ஒரு பங்கு போகும். தோலை இழுத்துத் தைப்பது நடுநெற்றிக்குத்தான் நன்றாக வேலை செய்யும், ஓரத்து ‘எம்’ பள்ளத்துக்குக் கடைசியில் கிராஃப்ட்தான் வழி, அதற்கு உங்கள் பின்னந்தலையில் மிச்சம் இருக்க வேண்டும்.

ஹார்மோன் ஏழு மாதம்தான் ஆகிறது என்கிறீர்கள், அதுவும் காத்திருக்க ஒரு காரணம். டெஸ்டோஸ்டிரோன் அடங்கினால் முடி கொட்டுவது நிற்கும், சிலருக்கு மெலிந்த முடி ஓரளவு தடிக்கும். முழு வழுக்கை விழுந்த இடத்தில் அதிசயம் எதிர்பார்க்க வேண்டாம். ஆனாலும் ஒரு வருடமாவது ஹார்மோனில் இருந்த பிறகு எண்ணினால் 2,500 என்பது குறைய வாய்ப்புண்டு. முடி வளர்க்கும் மருந்தான மினாக்சிடில் போடலாமா என்று உங்கள் ஹார்மோன் டாக்டரிடமே கேளுங்கள்.

நெற்றி எலும்பைத் தொடாமல் மூக்கு, தாடை, தொண்டை முடிச்சு மட்டும் செய்துகொள்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் கிடையாது, முடியை எப்போது வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். அறுவைக்குப் பணம் சேர இன்னும் நாலைந்து வருடம் ஆகும் என்றாலும் நான் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்ல மாட்டேன், அத்தனை வருடம் விக்கோடு இரு என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. அப்போதும் முதலில் ஒரு முக அறுவை டாக்டரிடம் ஆலோசனைக் கட்டணம் மட்டும் கட்டி, எந்த இடத்தில் வெட்டுவார் என்று எழுதி வாங்கிக்கொண்டு பிறகு நடுங்கள்.

விக் விஷயத்தில் ஒரு ஏமாற்றம் இருக்கிறது, இப்போதே சொல்லிவிடுகிறேன். நட்ட முடி சில வாரங்களில் உதிர்ந்துவிடும், மூன்று நான்கு மாதத்தில்தான் மறுபடி முளைக்கத் தொடங்கும், முழுசாகத் தெரிய ஒரு வருடம் ஆகும். இந்த மாதம் நட்டாலும் அடுத்த மாதம் விக்கைக் கழற்ற முடியாது. அதோடு, எடுக்கிற இடத்தை மழிக்க வேண்டும் என்பார்கள். முழு மொட்டைக்குச் சம்மதிக்காதீர்கள், பின்னந்தலையில் பட்டையாக மட்டும் வழித்துவிட்டு மேல்முடியை இறக்கி மூடலாம், நீள முடி வைத்திருப்பவர்களுக்கு அப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். எந்த அறுவையானாலும் பிசின் போட்டு ஒட்டுகிற விக்கை டாக்டர் சரி என்று சொல்லும்வரை தொடாதீர்கள்.

அந்த கிளினிக்கில் கத்தி பிடிப்பது யார் என்று கேட்டீர்களா? 2016ல் இதே சென்னையில் முடி நடவு செய்துகொண்ட மருத்துவ மாணவர் ஒருவர் இறந்தே போனார். 2022ல் தேசிய மருத்துவ ஆணையம் வழிகாட்டுதல் வெளியிட்டது, முறையான அறுவைப் பயிற்சி பெற்ற டாக்டர்தான் இதைச் செய்ய வேண்டும், யூடியூப் பார்த்துக் கற்றுக்கொள்கிற வேலை இல்லை என்றே அதில் எழுதியிருந்தார்கள். டாக்டர் பெயரும் பதிவு எண்ணும் ரசீதில் வரட்டும். பெண்களுக்குச் செய்த படங்களைக் காட்டச் சொல்லுங்கள், ஏனென்றால் ஆண்களுக்கே செய்து பழகிய கை, கேட்காமலேயே ஓரத்தில் பள்ளம் விட்டுத்தான் கோடு போடும். பேனாவால் கோடு போடும்போது நிமிர்ந்து உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்துங்கள், நெற்றிச் சுருக்கத்துக்குள் கோடு விழுந்தால் அது ரொம்பக் கீழே.

முன்பணத்தைப் பற்றி: அறுவை முடியும்வரை தேதியைத் தள்ளிவைக்கிறேன், இல்லாவிட்டால் திருப்பித் தாருங்கள் என்று இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். போனில் பேச வேண்டாம், எழுத்தில் இருக்கட்டும்.

கேள்வி: அக்கா, எனக்கு டாக்டர் முடிக்குள்ளே வெட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். அன்றைக்கே முடியும் நட்டுவிடலாம், ஒரே லீவில் முடியும் என்கிறார். நம்பலாமா?

பதில்: நம்பலாம், இது புது உத்தி ஒன்றும் இல்லை. காதுக்குக் காது வெட்டும்போது ஒரு பட்டைத் தோலை எடுத்துவிடுவார்கள், குப்பைக்குப் போக வேண்டிய அந்தப் பட்டையிலிருந்தே முடிவேர்களைப் பிரித்து முன்னால் நடுவது. ஸ்பெயின் டாக்டர்கள் இதை 2017லேயே மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். பட்டை எவ்வளவு கொடுக்கிறதோ அவ்வளவுதான் கிடைக்கும், போதாவிட்டால் ஒரு வருடம் கழித்து இன்னொரு முறை உட்கார வேண்டும். மயக்க நேரமும் நீளும். வேர் பிரிக்கத் தனிக் குழு இருக்கிறதா, இரண்டாவது முறைக்குக் கட்டணம் எவ்வளவு, சொன்ன தொகையில் ஜி.எஸ்.டி. அடக்கமா என்று கேளுங்கள். ஆஸ்பத்திரிச் செலவுக்கு வரி இல்லை என்று நினைத்துவிடாதீர்கள், முடி நடவுக்கு அந்த விலக்கு கிடையாது.

கேள்வி: 3,000 கிராஃப்ட் என்று பில் போட்டார்கள். ஐந்து மாதம் ஆகியும் பாதிகூட வரவில்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா?

பதில்: போகலாம், ஆனால் ஐந்து மாதத்தில் எந்த நிபுணரும் உங்கள் பக்கம் சொல்ல மாட்டார், ஒரு வருடம் ஆகட்டும். புகார் கொடுக்க இரண்டு வருடம் அவகாசம் உண்டு. கட்டணம் வாங்கிச் செய்கிற மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள்தான் வரும் என்று 1995லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணமும் இல்லை. முடி வளராததை மட்டும் வைத்து அலட்சியம் என்று நிரூபிப்பது கஷ்டம். 3,000 என்று பில் போட்டுவிட்டுக் குறைவாக வைத்திருந்தால் அது வேறு கதை, அதைப் பிடிக்க அன்றைய அறுவைக் குறிப்பு வேண்டும், அதில் எத்தனை எடுத்தோம், எத்தனை வைத்தோம் என்று இருக்கும். உங்கள் சிகிச்சை ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் டாக்டர் தர வேண்டும் என்று மருத்துவ நெறிமுறை விதி இருக்கிறது. கேட்கிற கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள், மாதம் ஒரு முறை அதே வெளிச்சத்தில், அதே கோணத்தில் தலையைப் படம் எடுத்து வையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு அழைத்தும் புகாரைப் பதிவு செய்யலாம், சில இடங்கள் அந்த அழைப்புக்கே பணத்தைத் திருப்பிவிடும்.