விரைவுப் பயிற்சி போதுமா?

கேள்வி: எட்டு ஆண்டுகளாக லினக்ஸ் சர்வர்களை, பெரும்பாலும் உபுண்டுவை, நிர்வகித்து வருகிறேன். அலுவலகத்தில் லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹேட்டின், கணினி நிர்வாகிகளுக்கான ஆர்.ஹெச்.சி.எஸ்.ஏ. சான்றிதழைக் கேட்கிறார்கள். நீண்ட விடுப்புக்கு வழியில்லை. அனுபவமுள்ளவர்களுக்கான விரைவுப் பயிற்சி போதுமா?

பதில்: போதும்; ஆனால் வகுப்பில் உட்காரும் முன்பே பாதித் தயாரிப்பு முடிந்திருக்க வேண்டும். ஆர்.ஹெச்.199 என்ற அந்தப் பாடம், ஆர்.ஹெச்.124, ஆர்.ஹெச்.134 ஆகிய இரண்டு பாடங்களைச் சுருக்கி ஒரு வாரத்திற்குள் நடத்தி முடிப்பதாகும். கோப்பு அனுமதிகளையும் பயனர் கணக்குகளையும் ஆசிரியர் வேகமாகக் கடந்துவிடுவதால் உங்களுக்கு இழப்பில்லை. எஸ்.இ.லினக்ஸ் (பாதுகாப்புக் கட்டுப்பாடு), ஃபயர்வால்டி (ஃபயர்வால்), என்.எம்.சி.எல்.ஐ. (நெட்வொர்க் அமைப்புக் கட்டளை) ஆகியவற்றையும் அதே வேகத்தில் கடப்பார் என்பதுதான் உபுண்டுவின் பாதுகாப்பு, ஃபயர்வால் கருவிகளான ஆப்ஆர்மரிலும் யு.எஃப்.டபிள்யூ.விலும் பழகிய கைக்குச் சிரமம்.

எஸ்.இ.லினக்ஸைத்தான் முதலில் எடுங்கள். சர்வீஸ் எழவில்லை என்றால் எஸ்.இ.லினக்ஸையே அணைத்துவிட்டு வேலையைப் பார்க்கும் வழக்கம் அனுபவசாலிகளிடம் வேரூன்றிப் போயிருக்கிறது; தேர்வில் அந்த வழக்கமே மதிப்பெண்ணைக் கொண்டுபோய்விடும். அப்பாச்சி வலை சர்வரை 82ஆம் போர்ட்டில் இயக்கிப் பாருங்கள். கட்டமைப்புக் கோப்பில் பிழையே இல்லாவிட்டாலும் அது எழாது, ஏனெனில் எஸ்.இ.லினக்ஸின் வலைச் சேவைப் பட்டியலில் அந்த எண் இல்லை. எஸ்.இ.லினக்ஸ் விதிகளை மாற்றும் செமேனேஜ் கட்டளையால் எண்ணைச் சேர்த்ததும் எழுந்துவிடும். பிறகு ஃபயர்வாலிலும் அதைத் திறக்க வேண்டும். கட்டளையின் முழு வடிவத்தை மனப்பாடம் செய்யத் தேவையில்லை, ஏறக்குறைய இதே எடுத்துக்காட்டு கணினியிலேயே உள்ள கையேடான மேன் பக்கங்களில், செமேனேஜ்-போர்ட் பக்கத்திலேயே இருக்கிறது. இணையமும் குறிப்பேடும் அனுமதிக்கப்படாத அறையில் மேன் பக்கங்களே துணை என்பதால், கூகுளை நாடும் கையை இப்போதே அவற்றின் பக்கம் திருப்புங்கள்.

ஆர்.ஹெச்.சி.எஸ்.ஏ.வுக்கான இ.எக்ஸ்.200 தேர்வில் கொள்குறி வினாக்கள் கிடையாது. கொடுத்த கணினிகளில் வேலையைச் செய்து காட்ட வேண்டும். 300க்கு 210 பெற்றால் தேர்ச்சி. மறுதொடக்கத்திற்குப் பிறகும் நிலைத்திருக்கும் மாற்றங்களுக்கே மதிப்பெண் உண்டு. பல மாதங்கள் நிறுத்தாமல் சர்வரை ஓட்டுபவர்கள் இதில்தான் சறுக்குகிறார்கள்: எல்.வி.எம். முறையில் வட்டுப் பகுதியை உருவாக்கி மவுன்ட் செய்வார்கள், கணினி எழும்போது மவுன்ட் செய்ய வேண்டியவற்றைப் பட்டியலிடும் எஃப்ஸ்டேப் கோப்பில் அப்பகுதியின் அடையாள எண்ணான யு.யு.ஐ.டி.யின் ஓர் எழுத்து தவறியிருக்கும், கணினி அடுத்த முறை அவசரநிலைத் திரையில் நின்றுவிடும், அதன்பின் செய்து முடித்த மற்ற வேலைகளும் பயனற்றுப் போகும். ஆகவே எஃப்ஸ்டேபைத் தொட்ட ஒவ்வொரு முறையும் மவுன்ட் -ஏ கொடுத்துச் சரிபார்த்து, பயிற்சியின்போது மெஷினை ரீபூட் செய்தும் பாருங்கள்.

பயிற்சிக்கு ரெட் ஹேட்டின் தனிநபர் டெவலப்பர் சந்தா இலவசமாகவே கிடைக்கிறது. அதன் லினக்ஸுக்கு இணையான ஆல்மா லினக்ஸும் ராக்கி லினக்ஸும் கூடப் போதும்.

கேள்வி: இதை முடித்ததும் உடனே அடுத்த நிலைத் தேர்வான ஆர்.ஹெச்.சி.இ. எழுதலாமா?

பதில்: ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 8 முதல் அத்தேர்வு, சர்வர் வேலைகளைத் தானியக்கமாக்கும் ஆன்சிபிள் கருவியை மையமாகக் கொண்டது. ஆன்சிபிளின் வேலைப்பட்டியல் கோப்பான பிளேபுக்கை எழுதிப் பழகாதவர் அவசரப்பட வேண்டாம். ஆர்.ஹெச்.சி.எஸ்.ஏ. சான்றிதழ் மூன்று ஆண்டுகள் செல்லும் என்பதால் அவகாசம் இருக்கிறது.