நெரிசலில் வெப்பமானி முள் ஏறி இறங்குகிறது: சென்சார் கோளாறா, எஞ்சின் உண்மையிலேயே சூடாகிறதா?

எட்டு ஆண்டு ஓடிய ஜப்பானியக் கார், நெரிசலில் நிற்கும்போது முள் மேலே போகிறது, கொஞ்ச நேரத்தில் தானாக இறங்கிவிடுகிறது, ஒரு பட்டறையில் சென்சாரை மாற்றச் சொன்னார்கள், இன்னொரு பட்டறையில் ரேடியேட்டரை மாற்றச் சொன்னார்கள், சிங்கப்பூரில் கார் வைத்திருக்கத் தேவையான பத்தாண்டு உரிமச் சான்றிதழான சிஓஇ முடிய இரண்டு ஆண்டுகூட இல்லை, யாரை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போதைக்கு இருவரையும் நம்ப வேண்டாம். அவர்கள் ஏமாற்றுகிறார்கள் என்று சொல்லவில்லை. எதையும் அளந்து பார்க்காமல் சொல்லியிருக்கிறார்கள் என்பதுதான் என் குறை. நான் கார் மெக்கானிக் அல்ல. ஜூரோங் தீவில் உள்ள ஆலைகளில் இன்ஸ்ட்ருமெண்ட் டெக்னீஷியனாக வேலை செய்து ஓய்வு பெற்றவன். வெப்பம், அழுத்தம், நீர்மட்டம் ஆகியவற்றைக் காட்டும் கருவிகள் உண்மையைச் சொல்கின்றனவா என்று பார்ப்பதுதான் என் பிழைப்பாக இருந்தது. அங்கே எங்களுக்கு ஒரு விதி உண்டு: சந்தேகம் வந்த அளவீட்டை அதனோடு தொடர்பில்லாத இன்னோர் அளவீட்டால்தான் சரிபார்க்க வேண்டும். சூடு நிஜமா, எண் பொய்யா என்பது தெரியாமல் எந்தப் பாகத்தையும் கழற்றக் கூடாது. உங்கள் காருக்கும் அதுவேதான்.

இதே தொல்லை என் காருக்கும் வந்தது. நீண்ட வார இறுதி ஒன்றில் மலேசியாவின் கூலாயில் உள்ள உறவினர் வீட்டுக்குக் கிளம்பினோம். உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடிக்கு முன்னால் வரிசை நகரவே இல்லை. முள் நடுவிலிருந்து மெல்ல ஏறியது, பிறகு சட்டென்று இறங்கியது, மறுபடி ஏறியது. கடற்பாலத்தில் ஏறுவதற்கு முன்பே திரும்பி வந்துவிட்டோம். திங்கட்கிழமை தொழிற்பேட்டை ஒன்றில் உள்ள பட்டறையில் காரை விட்டேன். அங்கிருந்த இளைஞர் கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்க்கலவை) பாட்டிலை எட்டிப் பார்த்தார். இரண்டு கோடுகளுக்கும் நடுவே நீர் சரியாக நின்றது. “தண்ணீர் இருக்கிறது, அப்படியானால் சென்சார்தான்” என்று மாற்றிவிட்டார். அடுத்த வாரமே அதே கதை. இப்போது ரேடியேட்டரை மாற்ற வேண்டும் என்றார். எப்படி முடிவு செய்தீர்கள், எதை அளந்தீர்கள் என்று கேட்டேன். “அங்கிள், ஆலை வேறு, கார் வேறு” என்றார்.

அந்தச் சொல் என்னை உறுத்தியது, இன்றும் உறுத்துகிறது. வெப்பம் எங்கே இருந்தாலும் வெப்பம்தான்.

கழற்றிய பழைய சென்சாரை நான் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். மாற்றிய எந்தப் பாகத்தையும் கேட்டு வாங்குங்கள். இந்தச் சென்சாருக்குள் இருப்பது ஒரு தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். பல ஜப்பானியக் கார்களில் 20 டிகிரி செல்சியஸில் 2 முதல் 3 கிலோ ஓம், 80 டிகிரியில் ஏறக்குறைய 300 ஓம், 100 டிகிரியில் 200 ஓமுக்கும் கீழே காட்ட வேண்டும். அடுப்படியில் ஒரு பாத்திரத்தில் நீரைக் கொதிக்க வைத்து, சென்சாரின் முனையை மட்டும் அதில் அமிழ்த்தி, பக்கத்தில் ஒரு வெப்பமானியை வைத்து, மல்டிமீட்டரில் பார்த்தேன். நீர் ஆற ஆற மின்தடை படிப்படியாக, ஓரிடத்திலும் துள்ளாமல் ஏறியது. ஒரு குறையும் இல்லாத சென்சாருக்குப் பதிலாகப் புதியதுக்குக் காசு கொடுத்திருக்கிறேன் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

சென்சார் நல்லது. அப்படியானால் எண் ஏன் துள்ளியது? ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள, காரின் கணினித் தகவலைப் படிப்பதற்கான ஓபிடி துளையில் ஒரு சிறிய ஸ்கேனரைச் செருகிக் கைப்பேசியில் பார்த்தேன். (முள்ளை நம்பிக்கொண்டிருக்க வேண்டாம். பெரும்பாலான கார்களில் முள்ளை வேண்டுமென்றே மந்தமாக்கி வைத்திருப்பார்கள். 80 டிகிரிக்கும் 100 டிகிரிக்கும் அது நடுவிலேயே நிற்கும். முள் அசைந்துவிட்டது என்றால் விஷயம் ஏற்கெனவே முற்றிவிட்டது என்று பொருள்.) நின்ற நிலையில் எஞ்சின் ஓடும்போது கூலண்ட் வெப்பம் 108 காட்டியது, இரண்டு நொடியில் 85 ஆனது, உடனே 104க்குத் தாவியது. எஞ்சினுக்குள் ஐந்தாறு லிட்டர் கூலண்ட் சுற்றுகிறது. அத்தனை நீர் இரண்டு நொடியில் இருபது டிகிரி ஆறாது. இயற்கை அதற்கு இடம் கொடுக்காது. ஆகவே இரண்டில் ஒன்றுதான்: மின்கம்பியில் கோளாறு, அல்லது சென்சார் நீரில் மூழ்கியிருக்கவில்லை.

மின்கம்பியைச் சோதிப்பது எளிது. இரவு முழுவதும் நின்ற காரில், காலையில் எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பி ஸ்கேனரைப் பாருங்கள். நம் ஊரில் கூலண்ட் வெப்பம் 27 முதல் 31க்குள் இருக்க வேண்டும். எஞ்சினுக்குள் போகும் காற்றின் வெப்பத்தைக் காட்டும் இன்னோர் எண்ணும் அதில் வரும்; இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். வெயிலே படாத பலமாடி கார் நிறுத்துமிடம் இந்தச் சோதனைக்கு மிகவும் ஏற்ற இடம். கூலண்ட் வெப்பம் மைனஸ் 40 என்று வந்தால் கம்பி அறுந்திருக்கிறது அல்லது இணைப்பான் கழன்றிருக்கிறது. பி0118 என்ற பிழைக் குறியீடும் கூடவே வரும். குளிர்ந்த எஞ்சினுக்கு 130க்கு மேல் காட்டினால் எங்கோ ஷார்ட் ஆகிறது; அதற்கு பி0117. பிறகு இணைப்பானையும் கம்பியையும் கையால் மெதுவாக அசைத்துப் பார்க்க வேண்டும். எண் அசையாமல் நின்றால் கம்பி நல்லது. என் காரில் அசையவில்லை.

மிஞ்சியது ஒரே காரணம். எஞ்சின் முழுதாக ஆறியிருந்த அந்தக் காலையிலேயே ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன். விரலை விட்டால் ஈரம் தட்டவில்லை. பாட்டிலில் நீர் நிறைந்திருக்க, ரேடியேட்டர் காலி.

இது எப்படி நடக்கும் என்று பலருக்கும் தெரிவதில்லை, அந்தப் பட்டறை இளைஞருக்கும் தெரியவில்லை. எஞ்சின் சூடாகும்போது கூலண்ட் விரிந்து பாட்டிலுக்குப் போகும். ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகிப் பாட்டிலிலிருந்து நீரைத் திரும்ப இழுக்கும். எங்கோ ஒரு சிறு கசிவு இருந்தால், ஆறும்போது அந்த ஓட்டை வழியாகக் காற்று நுழைந்துவிடும். நீரை இழுக்க வேண்டிய தேவையே இல்லாமல் போகும். பாட்டில் நிறைந்தபடியே இருக்க, உள்ளே நாளுக்கு நாள் குறையும். சென்சார் பெரும்பாலும் எஞ்சினின் மேற்பகுதியில், தெர்மோஸ்டாட்டுக்கு (சூடானதும் திறந்து கூலண்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) அருகே இருக்கிறது. காற்று முதலில் சேரும் இடமும் அதுதான். நீராவி பட்டால் ஓர் எண், கொதிநீர் தெறித்தால் ஓர் எண். சென்சார் தன் மேல் பட்டதை அப்படியே சொன்னது. பொய் சொன்னது சென்சார் அல்ல, பாட்டில்.

கசிவைக் கண்டுபிடிக்க அழுத்தச் சோதனை செய்ய வேண்டும். ரேடியேட்டர் மூடிக்குப் பதிலாக ஒரு கைப்பம்பைப் பொருத்தி, மூடியில் எழுதியிருக்கும் அழுத்தம் வரை (என் காரில் 1.1 பார்) ஏற்றி, கால் மணி நேரம் விட்டுப் பார்ப்பது. கருவி விலை அதிகமில்லை, பெரும்பாலான பட்டறைகளில் இருக்கும். வேறொரு பட்டறையில் சீனப் பெரியவர் ஒருவர் கேட்டவுடன் செய்து காட்டினார். அழுத்தம் இறங்கியது. விளக்கடித்துப் பார்த்தபோது வாட்டர் பம்பின் அடியில் இருக்கும் சிறு துளையிலிருந்து இளஞ்சிவப்பாக ஒரு காய்ந்த தடம். பம்பை மாற்றினோம். ரேடியேட்டர் இன்றுவரை பழையதுதான்.

‘இவருக்கு நடந்தது எல்லாருக்கும் நடக்குமா’ என்று யாராவது எழுதுவார்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். எல்லாக் காரும் ஒன்றல்ல. பல ஐரோப்பியக் கார்களில் ரேடியேட்டர் மூடியே கிடையாது. அழுத்தம் தாங்கும் தொட்டி மட்டும் இருக்கும், அதில் தெரியும் மட்டம்தான் உண்மையான மட்டம். அவற்றில் சில 100 டிகிரிக்கு மேல் ஓடும்படியே வடிவமைக்கப்பட்டவை. நான் தந்த ஓம் கணக்கும் காருக்குக் கார் மாறும். உங்கள் காரின் கையேட்டைப் பாருங்கள். சென்சார் கெடவே கெடாது என்றும் நான் சொல்லவில்லை. கெட்டதா என்று பார்ப்பதற்குப் பத்து நிமிடம் போதும் என்பதுதான் என் வாதம்.

இங்கே வேறு ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. என் தங்கை மகன் தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் வாகனத் தொழில்நுட்பம் படிக்கப் போகிறேன் என்றபோது, எங்கள் குடும்பத்திலேயே முகம் சுளித்தார்கள். பலதுறைத் தொழிற்கல்லூரிக்காவது போகக் கூடாதா என்று கல்யாண வீட்டில் வைத்துக் கேட்டார்கள், பையன் பக்கத்தில் நிற்கும்போதே. இந்த ஊரில் ஒரு கார் வாங்க வாழ்நாள் சேமிப்பைக் கொட்டுகிறோம். அதைத் தொட்டுப் பார்க்கப் படித்தவனை மட்டும் இளக்காரமாகப் பார்க்கிறோம். நம் பிள்ளைகளை அந்தப் பக்கம் போக விடாமல் தடுத்துவிட்டு, பட்டறையில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை என்று குறைபட்டால் என்ன நியாயம்? அந்தப் பையன் இன்று மல்டிமீட்டர் இல்லாமல் எந்தப் பாகத்தையும் தொடுவதில்லை. எனக்கு அவனை நினைத்தால் பெருமையாக இருக்கிறது.

உங்கள் காருக்கு வருகிறேன். நெரிசலில் மட்டும் ஏறி, விரைவுச்சாலையில் இறங்கினால், முதல் சந்தேகம் ஃபேன் மேல். ஏர்கானைப் போட்டால் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்ற வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள். மாறாக, புக்கிட் தீமா விரைவுச்சாலையில் நிலையான வேகத்தில் போகும்போது ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு, பம்ப், கூலண்ட் குறைவு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கிளப்பிய சிறிது நேரத்திலேயே ஏறி, ரேடியேட்டரின் மேல் குழாய் கொதிக்க, கீழ்க் குழாய் குளிர்ந்தே இருந்தால் தெர்மோஸ்டாட் மூடியபடியே சிக்கியிருக்கலாம். ஹீட்டரைப் போட்டுப் பாருங்கள் என்று குளிர் நாட்டுக்காரர்கள் இணையத்தில் சொல்வார்கள். வெப்ப நாடுகளுக்கென்று தயாரான சில கார்களில் ஹீட்டரே இருக்காது, தேடிக் குழம்ப வேண்டாம்.

நம் ஊரில் உறைபனி இல்லையே, கூலண்ட் எதற்கு, குழாய்த் தண்ணீர் போதாதா என்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். கூலண்டில் உள்ள துருத்தடுப்புப் பொருள்கள்தான் அலுமினிய ரேடியேட்டரையும் பம்பையும் காக்கின்றன. கொதிநிலையை உயர்த்துவதும் கூலண்ட்தான். அவசரத்துக்குத் தண்ணீர் ஊற்றலாம், பிறகு முழுவதையும் வடித்து மாற்ற வேண்டும்.

சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தத்தில் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும் நீர், திறந்த நொடியில் முகத்தில் அடிக்கும். விரைவுச்சாலையில் முள் சிவப்பைத் தொட்டால், ‘இன்னும் கொஞ்ச தூரம்தான்’ என்று ஓட்டாமல் ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிடுங்கள். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வாகனம் விரைவுச்சாலையிலிருந்து அருகில் உள்ள குறிப்பிட்ட கார் நிறுத்துமிடம் வரை கட்டணமின்றி இழுத்துச் செல்லும். காசு கேட்பார்களோ என்று பயந்து ஓட்டியே தலைகேஸ்கட்டை (எஞ்சினின் மேல்பாகத்துக்கும் கீழ்ப்பாகத்துக்கும் இடையே உள்ள அடைப்புத் தகடு) பறிகொடுத்தவர்களை நான் அறிவேன்.

சிஓஇ கணக்குக்கும் ஒரு வார்த்தை. இரண்டு ஆண்டுக்குக் கீழே இருக்கும்போது புது ரேடியேட்டர் தேவையா என்ற உங்கள் தயக்கம் நியாயமானது. ஆனால் அதை முடிவு செய்ய இன்னும் நேரம் வரவில்லை. பட்டறைக்குப் போய் அழுத்தச் சோதனையை மட்டும் முதலில் கேளுங்கள். அதில் வெளியே கசிவு எதுவும் தெரியாமல் கூலண்ட் மட்டும் குறைந்துகொண்டே போனால், எஞ்சினில் எரிந்த புகை கூலண்டில் கலக்கிறதா என்ற சோதனையும் செய்யச் சொல்லுங்கள். ரேடியேட்டர் வாயில் நீலத் திரவம் உள்ள குழாயை வைப்பார்கள். நீலமாகவே இருந்தால் உங்கள் செலவு ஒரு குழாயோடோ பம்போடோ முடியக்கூடும். மஞ்சளாக மாறினால் பெரும்பாலும் தலைகேஸ்கட் போயிருக்கிறது. அப்போது பழுதுபார்க்கும் செலவையும், பத்தாண்டு முடியும் முன் காரை ஒப்படைத்தால் அரசிடமிருந்து திரும்பக் கிடைக்கும் தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்து முடிவெடுங்கள்.