கம்ப்யூட்டர் கேள்வி பதில்: பால் நோட்டு டேட்டாபேஸ் ஆகுது

கேள்வி: வணக்கம் சார். எங்கப்பா ஊர்ல பால் எடுக்குறாங்க. 62 பேர் காலையும் சாயங்காலமும் ஊத்துறாங்க, லிட்டர், ஃபேட் (கொழுப்பு), எஸ்.என்.எஃப். (கொழுப்பு போக பால்ல இருக்கற மத்த திடச்சத்து) எல்லாம் நோட்டுல எழுதி பத்து நாளைக்கு ஒரு தடவ பட்டுவாடா. தீவன மூட்டையும் கடனுக்கு கொடுத்து பால் பணத்துல பிடிச்சுக்குவாங்க. நான் பி.சி.ஏ. முடிச்சதால எக்செல்ல போட்டு கொடுத்தேன், ஆளுக்கு ஒரு வரி, மாசத்துக்கு ஒரு ஷீட். விலை ஏறுனப்ப புது விலைய போட்டேன், போன வாரத்து தொகையும் சேர்ந்து மாறிடுச்சு. இப்ப எஸ்க்யூலைட்ங்கற டேட்டாபேஸுக்கு போகலாம்னு இருக்கேன். டேபிள் எப்படி பிரிக்கிறது?
– வாசகி, பெருந்துறை

பதில்: ஆளுக்கு ஒரு வரின்னு சொன்னீங்க பாருங்க, சிக்கல் அங்கயே ஆரம்பிச்சிடுச்சும்மா. எந்த டேபிளா இருந்தாலும் வரையறதுக்கு முன்னாடி, இதுல ஒரு வரின்னா என்னன்னு ஒரே வாக்கியத்துல சொல்லிப் பாருங்க, சொல்ல முடியலன்னா ரெண்டு விஷயத்த ஒரே டேபிள்ல திணிச்சிருக்கீங்கன்னு அர்த்தம். உங்க ஷீட்ல ஒரு வரிங்கறது பழனிசாமியா, இல்ல பழனிசாமி ஒரு மாசம் ஊத்துன பாலா? ரெண்டும் கலந்து கெடக்கு.

ஆள் ஒரு டேபிள். அதுல ஒரு வரின்னா ஒரு உறுப்பினர், அவ்வளவுதான், பால் பத்தி அங்க ஒரு வார்த்தை கூட வரக்கூடாது. பேரை சாவியா வைக்காதீங்க, ஒரே ஊர்ல மூணு பழனிசாமி இருப்பாங்க, போன் நம்பரும் வேண்டாம், மகன் நம்பர அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து கொடுத்திருப்பாங்க. உங்கப்பா நோட்டுல ஏற்கனவே ஒரு உறுப்பினர் எண் இருக்கும், அதுதான் ப்ரைமரி கீ, அதாவது ஒரு வரிய தனியா அடையாளம் காட்டற சாவி.

அடுத்து பால் வரவு. ஒருத்தர் ஒரு வேளையில ஊத்துன பால், அதுதான் இங்க ஒரு வரி. உறுப்பினர் எண், தேதி, காலையா மாலையா, அளவு, ஃபேட், எஸ்.என்.எஃப்., விலை, தொகை. 62 பேர், ரெண்டு வேளை, 365 நாள்னா வருசத்துக்கு 45,260 வரி, எஸ்க்யூலைட்டுக்கு இதெல்லாம் ஒரு சுமையே இல்ல. உறுப்பினர் எண்ணும் தேதியும் வேளையும் சேர்ந்து திரும்ப வரக்கூடாதுன்னு யூனிக் போட்டுடுங்க, அவசரத்துல ஒரே பாலை ரெண்டு தடவ ஏத்துறது அதோட நிக்கும். ஆனா அதுக்கு முன்னாடி அப்பாகிட்ட கேளுங்க, ஒருத்தர் பசும்பாலும் எருமைப்பாலும் தனித்தனி கேன்ல கொண்டு வந்தா தனித்தனியா டெஸ்ட் பண்ணுவீங்களான்னு. ஆமான்னா பால் வகையும் அந்த யூனிக்ல சேரணும். இந்த மாதிரி சங்கதி எந்த பாடப்புத்தகத்துலயும் கிடைக்காது, விடிகாலைல கேன் வரிசைல நிக்கிறப்ப பக்கத்துல நின்னு பார்த்தாதான் தெரியும்.

இப்ப உங்க விலை பிரச்சனைக்கு வர்றேன், இதத்தான் கொஞ்சம் நிதானமா படிக்கணும். விலை சார்ட் தனி டேபிள், அதுல ஒரு வரின்னா இந்த தேதியிலேர்ந்து இந்த ஃபேட்டுக்கும் இந்த எஸ்.என்.எஃப்.புக்கும் இந்த விலை. விலை ஏறுனா பழைய வரிய தொடாதீங்க, புது தேதி போட்டு புது வரி சேருங்க. அதோட நிறுத்தாம, அன்னிக்கு எந்த விலையில எடுத்தீங்களோ அத பால் வரவு வரியிலயும் எழுதிடுங்க. காலேஜ்ல படிச்ச பொண்ணு நீங்க, ஒரே விஷயத்த ரெண்டு இடத்துல வைக்கக்கூடாதுன்னு சொல்லிக் கொடுத்தாங்களே, இது தப்பில்லையான்னு தோணும். தப்பில்ல. சார்ட்ல இருக்கறது நாம அறிவிச்ச விலை, வரவுல இருக்கறது அன்னிக்கு அந்த மனுசனுக்கு ஒத்துக்கிட்ட விலை, நம்பர் ஒண்ணா இருந்தாலும் விஷயம் வேற வேற. சார்ட்ல ஒரு தப்ப நாளைக்கு திருத்துனீங்கன்னா அன்னிக்கு கொடுத்த சீட்டு மாறக்கூடாது இல்லையா, அதுதான் இதுக்கான பரீட்சை.

தொகைக்கும் இதே கதைதான். 4.7 லிட்டர், விலை 34.35 ரூபான்னா 161.445 வருது, அந்த அரை பைசாவ மேல தள்ளுறதா கீழ தள்ளுறதான்னு ஒரு தடவ முடிவு பண்ணி, சீட்டுல அடிச்ச தொகையவே சேமிச்சு வையுங்க. ரூபாய தசம நம்பரா வைக்காதீங்க, எஸ்க்யூலைட்ல டெசிமல்னு எழுதுனாலும் புள்ளி வெச்ச நம்பர் உள்ள ஃப்ளோட்டாதான், அதாவது தோராயமாதான் உக்காரும், ஃப்ளோட்ல 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டுனா சரியா 0.3 கூட வராது. பைசாவுல முழு எண்ணா வையுங்க, பாலை மில்லிலிட்டர்ல, 4.2 ஃபேட்ட 42-ன்னு.

தீவனக் கடனுக்கு உறுப்பினர் டேபிள்ல பாக்கின்னு ஒரு ஃபீல்டு வைக்கலாம்னு கை துடிக்கும். தயவுசெஞ்சு வேண்டாம். ஒரு மளிகைக்கடைக்கு நான் முன்னாடி அப்படித்தான் செஞ்சு கொடுத்தேன், ஒரு அம்மா வந்து என் பாக்கி 1,800 தான்னு சொன்னாங்க, ஸ்க்ரீன்ல 2,300 இருந்துச்சு, எப்படி வந்துச்சுன்னு காட்ட என்கிட்ட ஒண்ணுமே இல்ல, கடைக்காரர் அந்த 500-ஐ விட்டுக் கொடுத்தார், அந்தம்மா முகம் இன்னும் கண்ணுலயே நிக்குது. கடை நோட்டுல பற்று வரவுன்னு எழுதுவாங்களே, அது எத்தனை நல்ல டிசைன்! ஒவ்வொரு மூட்டையும் ஒரு வரி, ஒவ்வொரு பிடித்தமும் ஒரு வரி, பாக்கி வேணும்னா கூட்டி எடுத்துக்கலாம், யார் கேட்டாலும் வரி வரியா காட்டலாம்.

பட்டுவாடா இன்னொரு டேபிள், எந்த தேதியிலேர்ந்து எது வரைக்கும், யாருக்கு, எவ்வளவு கையில போச்சு. பணம் கொடுத்ததும் அந்த பத்து நாள் பால் வரிகள்ல பட்டுவாடா எண்ண எழுதிடுங்க, எண் விழுந்த வரிய அப்புறம் திருத்தக் கூடாது, தப்பு இருந்தா அடுத்த பட்டுவாடால சரிக்கட்டற மாதிரி தனி வரி போடுங்க.

ஒண்ணு மறந்துடாதீங்க, எஸ்க்யூலைட்ல ஃபாரின் கீ (ஒரு டேபிள்ல வர்ற எண் இன்னொரு டேபிள்ல இருந்தாகணும்ங்கற கட்டுப்பாடு) எழுதி வெச்சாலும் வழக்கமா அது ஆஃப்லதான் இருக்கும். ஒவ்வொரு தடவ கனெக்ட் பண்றப்பவும் ப்ராக்மா கட்டளை கொடுத்து ஆன் பண்ணணும், இல்லன்னா இல்லாத உறுப்பினர் பேர்ல பால் ஏறிடும், அதுவும் சத்தமே இல்லாம ஏறும்.

கேள்வி: டேட்டாபேஸ் டேபிள ஒழுங்கா பிரிக்கற விதிகள முதல், ரெண்டாவது, மூணாவது நார்மல் ஃபார்ம்னு மனப்பாடம் பண்றோம். நிஜத்துல யாராவது பயன்படுத்துறாங்களா?
– கல்லூரி மாணவர், திண்டுக்கல்

பதில்: தினமும் பயன்படுத்துறோம், பேர் சொல்லாம. எட்கர் காட் ஐ.பி.எம்.மோட சான் ஹோஸே ஆய்வுக்கூடத்துல இருந்தப்ப 1970-ல எழுதின கட்டுரையிலதான் தகவல டேபிள் டேபிளா வெச்சு இணைக்கற இந்த ரிலேஷனல் முறையே வந்துச்சு, கணக்கு படிச்ச மனுசன், அதனால புத்தக விளக்கமெல்லாம் கணக்கு மாதிரி வறட்சியா இருக்கும். மேல இருக்கற பால் கணக்கையே எடுத்துக்கோங்க. எந்த ஊர் பால் எந்த வேன்ல போகுதுங்கறது ஊரப் பொறுத்த விஷயம், ஆளப் பொறுத்தது இல்ல. வேன் நம்பர உறுப்பினர் டேபிள்ல வெச்சீங்கன்னா வேன் மாறுனா அந்த ஊர்ல இருபது பேர் இருந்தா இருபது வரிய திருத்தணும், பத்தொம்பது திருத்தி ஒண்ண விட்டீங்கன்னா ஒரே ஊருக்கு ரெண்டு வேன் காட்டும், எது நிஜம்னு டேட்டாபேஸுக்கே தெரியாது. ஊருக்கு தனி டேபிள் போட்டு வேன அங்க வெச்சா திருத்தறது ஒரே இடம். இதுதான் மூணாவது நார்மல் ஃபார்ம். பரீட்சையில விளக்கத்த எழுதிட்டு கீழ இந்த மாதிரி உங்க ஊர் உதாரணம் ஒண்ணு எழுதுங்க.

கேள்வி: உறுப்பினர் ஒருத்தர் மாட்ட வித்துட்டு விலகிட்டா அவர் வரிய டெலிட் பண்ணிடலாமா?
– வாசகர், நாமக்கல்

பதில்: கூடாது, அவர் ஊத்துன பால் வரியெல்லாம் அவர் எண்ணத்தான் பிடிச்சுட்டு நிக்குது. விலகின தேதின்னு ஒரு ஃபீல்டு வெச்சு அத நிரப்புங்க, அவர் எண்ண வேற யாருக்கும் கொடுக்காதீங்க. அடுத்த வருசம் கன்னுக்குட்டியோட அவரே திரும்பி வந்தாலும் வருவார், பழைய எண்ணையே கொடுத்துடலாம்.